சிக்கலான வழக்கைத் துலக்கப் போலீஸுக்கு என்ன சொல்லித் தர வேண்டும்?

டாஸ்மாக் வாசலில் தகராறு. பத்துப் பேர் பார்க்க ஒருவர் இன்னொருவரைக் குத்திவிட்டு, கத்தியோடு ஸ்டேஷனுக்கே வந்து நிற்கிறார். கொலை வழக்குதான், ஆனால் சிக்கலான வழக்கு இல்லை. தனியாக வசித்த ஒரு மூதாட்டி வீட்டுக்குள் இறந்து கிடக்கிறார். கதவு உடைக்கப்படவில்லை. நகையில் பாதிதான் காணோம். பார்த்தவர் எவருமில்லை. வந்துபோனவர்கள் பட்டியலிலோ பேரன் முதல் கேஸ் சிலிண்டர் போடுபவர் வரை முப்பது பேர் இருக்கிறார்கள். இதுதான் சிக்கலான வழக்கு.

குற்றம் எவ்வளவு கொடூரமானது என்பதை வைத்து வழக்கின் சிக்கலை அளப்பதில்லை. நேரடி சாட்சி இல்லாமை, வந்து குவியும் தகவலின் அளவு, நாலைந்து மாவட்டமோ மாநிலமோ தாண்டிப் போகும் தொடர்புகள், தடயவியலிலோ வங்கிக் கணக்கிலோ தேர்ந்தவரின் உதவி தேவைப்படுவது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே, சாதாரண ஸ்டேஷன் பழக்கத்தை வைத்துச் சமாளிக்க முடியாது. மூதாட்டி கொலை மட்டுமல்ல, ஆன்லைன் முதலீட்டு மோசடி, சிலைத் திருட்டு, ஆள் கடத்தல் எல்லாம் இந்த வகைதான்.

இத்தகைய வழக்கை நடத்த ஒரு சப்-இன்ஸ்பெக்டரையோ இன்ஸ்பெக்டரையோ எப்படித் தயார் செய்கிறார்கள் என்பதைத் தமிழ்நாட்டுச் சூழலில் வைத்துப் பார்ப்போம். 'துப்பறியும் மூளை' பிறவியிலேயே வர வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பயிற்சியில் உண்மையாகக் கற்பதில் பெரும்பங்கு, பார்த்ததைப் பார்த்தபடி, பார்த்த நேரத்திலேயே எழுதுவதுதான். மூன்று வருடம் கழித்து நீதிபதி முன்னால் நிற்பது அந்த எழுத்து மட்டுமே.

விசாரிப்பவர் யார்?

சென்னை போன்ற நகரங்களில் ஸ்டேஷனுக்கு சட்டம்-ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப் பிரிவுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் என்று இருவர் உண்டு. பெயரைப் பார்த்து, கொலை வழக்கு குற்றப் பிரிவுக்குப் போகும் என்று நினைப்போம். வழக்கத்தில் குற்றப் பிரிவு பார்ப்பது திருட்டு, கொள்ளை போன்ற சொத்து வழக்குகளை. கொலை சட்டம்-ஒழுங்கு இன்ஸ்பெக்டரிடம்தான் வரும். காலையில் அமைச்சர் வருகைக்குப் பந்தோபஸ்து நின்றவர்தான் மாலையில் பிரேத விசாரணை நடத்துகிறார். புலன் விசாரணையையும் சட்டம்-ஒழுங்கையும் தனித்தனியே பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவிட்டது 2006-இல். பாடத்திட்டம் போடுகிறவர்கள் இந்த நிலவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியில் சொல்லித் தரும் முறை, தூக்கமில்லாத ஒருவர் இரவு 2 மணிக்கும் செய்யக்கூடியதாக இருந்தால்தான் நிற்கும்.

அடிப்படைப் பயிற்சி வண்டலூர் அருகே ஊனமாஞ்சேரியில் உள்ள காவல் உயர் பயிற்சியகத்தில். அதற்கு மேல் ஹைதராபாத், கொல்கத்தா, சண்டிகர், காஜியாபாத், ஜெய்ப்பூர் ஆகிய ஊர்களில் மத்திய அரசின் துப்பறிதல் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. காஜியாபாத்தில் சி.பி.ஐ. அகாடமி தனி. சைபர் குற்றங்களுக்கு சைட்ரெயின் என்ற இணையவழிப் பாடத்தளம் உண்டு. வகுப்பு எங்கே நடந்தாலும் பாடத்தின் சாரம் ஒன்றுதான்.

முதல் மணி நேரம்

சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேர்பவர் பெரும்பாலும் ரோந்தில் இருக்கும் ஏட்டு. ஆகவே பயிற்சி அவரிலிருந்து தொடங்க வேண்டும். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. அதற்கடுத்து இடத்தை அடைப்பது. ரத்தம் கிடக்கும் அறைக்கு மட்டும் கயிறு கட்டினால் போதாது. எதிரி வந்த வழி, போன வழி, கை கழுவிய குழாயடி எல்லாம் உள்ளே வர வேண்டும். (குற்றம் சாட்டப்பட்டவரை நம் ஊர்ப் போலீஸ் ஆவணங்களில் 'எதிரி' என்றுதான் எழுதுவார்கள்.) கொஞ்சம் பெரிதாக அடைத்துப் பிறகு சுருக்கலாம். சிறிதாக அடைத்துவிட்டால், விரிக்கும்போது வெளியே நின்ற கூட்டம் மிதித்து முடித்திருக்கும்.

உள்ளே போய்வர ஒரே ஒரு பாதை குறிக்கப்படும். வாசலில் ஒருவர் நோட்டுடன் நின்று, யார், என்ன பதவி, எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, எதற்காக என்று ஐந்து பத்திகளில் எழுதுவார். இந்த நோட்டை ஒழுங்காகப் பராமரிப்பது பயிற்சியிலேயே கஷ்டமான பாடம். உயரதிகாரி காரை விட்டு இறங்கி நேரே உள்ளே போகும்போது 'சார், பெயர் எழுதணும்' என்று சொல்லும் தைரியம் ஏட்டுக்கு வர வேண்டும். அது ஏட்டுக்கு நடத்தும் வகுப்பில் வந்துவிடாது. உயரதிகாரிகளுக்கு நடத்தும் வகுப்பிலும் அதையே சொல்லித் தர வேண்டும்.

பிறகு போட்டோ. முதலில் முழு அறை, அடுத்து பொருளும் அதன் சுற்றமும், கடைசியில் பொருள் மட்டும் அருகில். அருகில் எடுப்பதை அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோல் வைத்து ஒன்று என இரண்டு முறை எடுக்க வேண்டும். காலடித் தடம் என்றால் கேமரா தடத்துக்கு நேர் மேலே செங்குத்தாக இருக்க வேண்டும். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால்தான் தடத்தின் மேடு பள்ளம் படத்தில் தெரியும். இவையெல்லாம் முடியும்வரை எதையும் நகர்த்தக் கூடாது.

பொருள்களை எடுக்கும்போது நடக்கும் பிழைகளில் முதலிடம் பிளாஸ்டிக் கவருக்கு. ரத்தம் தோய்ந்த சட்டையை ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் போட்டு மூடினால் நம் ஊர் வெக்கையில் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிழலில் காயவைத்து, காகித உறையில் போட வேண்டும். தீவைப்பு வழக்கில் இது அப்படியே தலைகீழ். பெட்ரோல் வாடை அடிக்கும் சாம்பலைக் காகிதத்தில் மடித்தால் ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது வாடையும் போயிருக்கும், சாட்சியமும் போயிருக்கும். அதற்குக் காற்றுப் புகாத டப்பா வேண்டும். 'எல்லாவற்றையும் நன்றாக மூடி சீல் வை' என்று பொதுவாகச் சொல்லிக்கொடுத்தால் இந்த இரண்டில் ஒன்று நிச்சயம் கெடும். ரத்தக்கறை படிந்த தரையோடு, கறை படாத தரையிலிருந்தும் ஒரு மாதிரி எடுக்க வேண்டும். ஒப்பிட அது இல்லாவிட்டால் ஆய்வக முடிவு பாதி பலம் இழக்கும்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் இரண்டு விஷயங்கள் இந்தக் கட்டத்தை மாற்றியிருக்கின்றன. 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் பொருள் கைப்பற்றுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்து, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். 176(3) பிரிவு, 7 வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு 5 வருட அவகாசம் இருக்கிறது. வீடியோ எடுக்கச் சொல்லித் தருவது சுலபம். எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லித் தருவதுதான் கடினம். 'டேய், அந்தக் கத்தியை இந்தப் பக்கம் வை' என்று பின்னணியில் ஒரு குரல் பதிவானால் வழக்கு அங்கேயே முடிந்தது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில், குண்டுவெடிப்பில் இறந்துபோன போட்டோகிராபர் ஹரிபாபுவின் கேமரா கிடைத்தது. அதன் படச்சுருளில் பத்துப் படங்கள் இருந்தன. கையில் மாலையோடு காத்திருந்த பெண்ணும், வெள்ளை குர்தா போட்டிருந்த ஆளும் அந்தப் படங்களில்தான் அகப்பட்டார்கள். இறந்தவர்களின் உடைமைகளோடு அந்தக் கேமராவையும் மூட்டை கட்டி ஓரமாக வைத்திருந்தால் விசாரணை எங்கே தொடங்கியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பயிற்சி வகுப்பில் இந்தப் படங்களைக் காட்டிவிட்டு, 'சம்பவ இடத்தில் கிடக்கும் பொருள்களில் வழக்குக்குச் சம்பந்தமில்லாதது எது?' என்று கேட்பது நல்ல தொடக்கம். அந்த நேரத்தில் அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது.

ஒரு மகஜரை அருகில் பார்ப்போம்

மாணவர்களிடம் ஒரு செல்போனைக் கொடுத்து கைப்பற்றுதல் மகஜர் (எதை, எங்கே, யார் முன்னிலையில் எடுத்தோம் என்ற பதிவு) எழுதச் சொன்னால், முதல் நாள் வருவது இப்படி இருக்கும்: 'சாட்சிகள் முன்னிலையில் கறுப்பு நிற செல்போன் ஒன்று கைப்பற்றப்பட்டது.'

கோர்ட்டில் இந்த வரியால் ஒரு பயனும் இல்லை. எந்தக் கம்பெனி, என்ன மாடல், இரண்டு சிம் என்றால் இரண்டு ஐ.எம்.இ.ஐ. எண்கள் (போனின் அடையாள எண்கள்), உள்ளே எத்தனை சிம், மெமரி கார்டு உண்டா, திரையில் விரிசல் எந்த மூலையில், எடுக்கும்போது ஆன் நிலையிலா ஆஃப் நிலையிலா, பூட்டியிருந்ததா, கட்டிலின் எந்தப் பக்கம், சுவரிலிருந்து எத்தனை அடி, முதலில் கண்டவர் யார், மணி என்ன, எந்த உறையில் போட்டார்கள், சீலில் யாருடைய முத்திரை என எல்லாம் இருக்க வேண்டும். இரண்டாம் நாள் அதே போனை வேறு நான்கு போன்களோடு கலந்து வைத்து, 'நீங்கள் எழுதிய மகஜரை மட்டும் படித்து உங்கள் போனை எடுங்கள்' என்பார்கள். எடுக்க முடியாதவர் திரும்ப எழுத வேண்டும். விரிவுரையை விட இந்தப் பத்து நிமிடப் பயிற்சி அதிகம் கற்றுத் தரும்.

போனைத் தொடுவதற்கும் முறை உண்டு. ஆஃப் ஆகியிருந்தால் ஆன் செய்யக் கூடாது. ஆனில் இருந்தால் அவசரப்பட்டு ஆஃப் செய்யக் கூடாது. இப்போதைய போன்கள் திரும்ப ஆன் ஆகும்போது கடவுச்சொல் கேட்கும், அது தெரியாவிட்டால் உள்ளிருப்பதை எடுப்பது பெரும்பாடு. ஏரோபிளேன் மோடில் போட்டோ, சிக்னல் புகாத பையில் வைத்தோ வெளியிலிருந்து யாரும் அழித்துவிடாமல் காக்க வேண்டும். செய்த ஒவ்வொன்றையும் மணியோடு எழுத வேண்டும். 'என்னதான் இருக்கிறது பார்ப்போம்' என்று கேலரியைத் தள்ளிப் பார்ப்பது மனித இயல்பு. அப்படிப் பார்த்த நேரம் போனுக்குள்ளேயே பதிவாகிவிடும். சீல் வைத்ததாக மகஜர் சொல்லும் மணிக்குப் பின்னால் அந்தப் பதிவு இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது ஒன்றே போதும்.

மின்னணுச் சான்றுக்கு, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.எஸ்.ஏ. சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். அந்தப் பழைய சட்டத்தின் 65பி பிரிவின் வாரிசு இது. சான்றிதழில் ஏ, பி என்று இரண்டு பகுதிகள். கருவியைக் கையில் வைத்திருப்பவர் முதலாவதையும் நிபுணர் இரண்டாவதையும் தர வேண்டும், ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுதாக மாறிவிடும். மூலக்கருவியையே கோர்ட்டில் காட்டாதபோது இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டிட்ராவ் கோட்கர் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'பிறகு வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்டால், கடைக்காரர் கடையைக் காலி செய்துவிட்டு வேறு ஊர் போயிருப்பார்.

கேமராவின் கடிகாரம்

சிசிடிவி விஷயத்தில் தவறாமல் நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஒரு மளிகைக் கடைக் கேமராவில் சந்தேக நபர் கடக்கும் நேரம் 21:52 என்று காட்டுகிறது. தெருக்கோடி பெட்ரோல் பங்கில் அதே ஆள் 21:36. அப்படியானால் பங்கிலிருந்து கடைப்பக்கம், அதாவது இறந்தவர் வீட்டை நோக்கி வந்திருக்கிறார் என்று விசாரணை ஓடத் தொடங்கும். கேமரா பதிவுப் பெட்டியின் கடிகாரத்தை செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், கடைக் கடிகாரம் 17 நிமிடம் வேகம், பங்கின் கடிகாரம் 6 நிமிடம் தாமதம் என்று தெரிந்திருக்கும். கணக்குப் போட்டால் கடையில் 21:35, பங்கில் 21:42. ஆள் வரவில்லை, போயிருக்கிறார். திசையே மாறிவிட்டது.

எனவே கேமரா பதிவை எடுக்கும் முன், பெட்டி காட்டும் மணியும் செல்போன் மணியும் ஒரே படத்தில் விழுமாறு ஒரு போட்டோ எடுக்க வேண்டும். திரையைச் செல்போனால் வீடியோ எடுத்துக்கொண்டு வருவதைப் பதிவு எடுத்ததாகச் சொல்லக் கூடாது. பெட்டியிலிருந்து அதன் சொந்த வடிவத்திலேயே நகல் எடுக்க வேண்டும். பல கடைகளில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். சில இடங்களில் அதற்கு ஒரு வாரம்கூட ஆகாது. அதனால் சம்பவத்தின் மறுநாளே தெருத்தெருவாக நடந்து கேமராக்களின் பட்டியல் போடுவதற்கென்றே ஓர் ஆளை ஒதுக்க வேண்டும்.

சி.டி.ஆர். எனப்படும் செல்போன் அழைப்பு விவரத்திலும் இதே மாதிரி வழுக்கல் உண்டு. அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, மணி, எத்தனை விநாடி, தொடக்க டவர், முடிவு டவர், ஐ.எம்.இ.ஐ. எல்லாம் வரிசையாக இருக்கும். புதியவர் அதைப் பார்த்ததும், 'எதிரி அந்த நேரத்தில் சம்பவ இடத்தில் இருந்தார்' என்று எழுதிவிடுவார். அந்த வரி சொல்வதெல்லாம், அந்த எண் அந்த டவரின் அந்தப் பக்கத்து ஆன்டெனாவைப் பயன்படுத்தியது என்பது மட்டுமே. நகரத்தில் ஒரு டவரின் எல்லை சில நூறு மீட்டராக இருக்கலாம், கிராமத்தில் பல கிலோமீட்டர் போகும். போன் யார் கையில் இருந்தது என்பது தனிக் கேள்வி, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். வாட்ஸ்ஆப் அழைப்பு சி.டி.ஆரில் வராது. அதற்கு இணையப் பயன்பாட்டு விவரமான ஐ.பி.டி.ஆர். கேட்க வேண்டும். அதிலும் பேசியது யாரிடம் என்பது நேராகத் தெரிந்துவிடாது.

பண மோசடி வழக்கில் டவருக்குப் பதில் வங்கிக் கணக்கு. சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்குப் புகார் வந்ததும் பணம் போன முதல் கணக்கு, அங்கிருந்து பிரிந்த இரண்டாவது அடுக்கு, மூன்றாவது அடுக்கு, ஏ.டி.எம்.மில் எடுத்த இடம் என்று ஒரு மரம் வரைவார்கள். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே மூளை என்று முடிவு கட்டிக் கைது செய்வது இங்கே வழக்கமான சறுக்கல். பல நேரம் அவர் கமிஷனுக்குத் தன் பாஸ்புக்கை விற்ற கூலித் தொழிலாளி.

சாட்சியிடம் பேசுவது

அடித்தால் உண்மை வரும் என்ற நம்பிக்கை ஒழுக்கக்கேடு மட்டுமல்ல, தொழில்ரீதியாகவும் மடத்தனம். அடி வாங்கியவர் அடிப்பவருக்கு என்ன பிடிக்குமோ அதைத்தான் சொல்வார். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் நம் சட்டப்படி சான்றாகாது. மருந்து கொடுத்துப் பேசவைக்கும் நார்கோ சோதனையை ஒருவர் சம்மதமின்றி நடத்த முடியாது என்று 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. அப்படியிருக்க, மீதமிருக்கும் ஒரே கருவி பேச்சு.

இங்கிலாந்தில் 1990-களின் தொடக்கத்தில் பீஸ் என்ற நேர்காணல் முறையைக் கொண்டுவந்தார்கள். பர்மிங்ஹாம் சிக்ஸ், கில்ட்ஃபோர்டு ஃபோர் வழக்குகளில் செய்யாத குற்றத்துக்கு ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர்கள் விடுதலையான பிறகு வந்த சூடு அது. திட்டமிடுவது, அறிமுகமாகி விஷயத்தை விளக்குவது, சொல்வதை முழுதாகக் கேட்பது, முறையாக முடிப்பது, பிறகு மதிப்பிடுவது என ஐந்து கட்டம். இதில் நம்மவர்கள் தாண்டிக் குதிப்பது முதலாவதை. கேள்வி கேட்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று பத்தி போட வேண்டும்: இவரைப் பற்றி நமக்குத் தெரிந்தது, தெரிய வேண்டியது, இவர் சொல்வதை வேறு எதனோடு ஒப்பிடலாம்.

கேள்வியின் வடிவம்தான் மிச்சம். இப்படி நடந்தால் பயிற்சியாளர் மணியடிப்பார்:

'ஏம்மா, அந்தப் பையன் சிவப்பு சட்டைதானே போட்டிருந்தான்?'

'ஆமாங்க சார்.'

அந்த அம்மா சட்டையையே பார்த்திருக்க மாட்டார், சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டுகிறார். மறுபடியும்:

'அம்மா, அன்னைக்கு சாயங்காலம் நீங்க வாசல்ல உக்காந்ததுலேர்ந்து நடந்ததை உங்க போக்குல சொல்லுங்க. நான் குறுக்க பேச மாட்டேன்.'

சொல்லி முடித்ததும் பத்து விநாடி சும்மா இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த மௌனத்தில்தான், 'ஆங், அப்ப ஒரு டிவிஎஸ் வண்டி நின்னுச்சு' என்று அடுத்த தகவல் வரும். இந்தப் பத்து விநாடியைத் தாங்க முடியாமல் அடுத்த கேள்விக்குத் தாவுகிறவர்களே அதிகம்.

எழுதும்போது சாட்சியின் சொல் அப்படியே வர வேண்டும். ஐந்து சாட்சிகளும் 'மேற்படி எதிரி மேற்படி இடத்தில் நின்றுகொண்டிருந்ததை நான் கண்டேன்' என்று ஒரே அச்சில் பேசியிருந்தால், அது ஸ்டேஷன் ரைட்டரின் நடை என்று நீதிபதிக்குத் தெரியும். முக்கியமான சாட்சி என்றால் பி.என்.எஸ்.எஸ். 183-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் பதிவாக வேண்டும், அவர் பின்னால் சொன்னதை மாற்றிப் பிறழ்சாட்சி ஆகும்போது அது கைகொடுக்கும். அடையாள அணிவகுப்பு (பலர் நடுவே எதிரியைச் சாட்சி அடையாளம் காட்டுவது) நடக்கவிருக்கிறது என்றால், அதற்கு முன் எதிரியின் முகத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டு அணிவகுப்பு நடத்துவது வீண் வேலை.

ஒரே கதையில் விழுவது

இங்கிலாந்தில் 1975 முதல் 1980 வரை பதின்மூன்று பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபைப் போலீஸ் ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டது. தகவல்கள் அட்டை அட்டையாக மலைபோல் குவிந்துகிடந்தன. ஓர் அறையில் இருந்த அட்டை இன்னொரு அறையிலிருந்தவருக்குத் தெரியாது. நடுவில் எவனோ ஒருவன் கொலைகாரன் என்று சொல்லி ஒலிநாடா அனுப்ப, அதிலிருந்த சண்டர்லாந்து உச்சரிப்பு இல்லாதவர்களையெல்லாம் ஒதுக்கினார்கள். சட்கிளிஃப் கடைசியில் 1981 ஜனவரியில் பிடிபட்டது போலி நம்பர் பிளேட்டால். ஹோம்ஸ் என்ற கணினித் தகவல் முறை அந்தத் தோல்விக்குப் பிறகு வந்தது.

கணினி வாங்கியதால் எல்லாம் தீராது. முதல் 24 மணி நேரத்தில் ஒரு கதை மனத்தில் உட்கார்ந்துவிட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு தகவலும் அந்தக் கதைக்கு ஆதரவாகவே தெரியும். இதற்குச் சொல்லித் தரும் மாற்று எளிமையானது. மூதாட்டி கொலையை எடுத்துக்கொண்டால் பலகையில் குறைந்தது மூன்று ஊகம் எழுத வேண்டும்: பணத்துக்காகத் தெரிந்தவர் செய்தது, சொத்துக்காக உறவினர் செய்தது, நகைக்காக அந்நியர் செய்தது. ஒவ்வொன்றின் கீழும் ஆதரவை மட்டுமல்ல, எதிரானதையும் எழுத வேண்டும். 'இது உண்மையென்றால் வேறு எது நடந்திருக்க வேண்டும்? அது நடந்ததா?' அந்நியர் நகைக்காக வந்தார் என்றால் பாதி நகையை ஏன் விட்டுப் போனார்? பதில் இல்லாத வரை அந்த ஊகத்தின் கீழ் கேள்விக்குறி நிற்கட்டும்.

இத்தோடு முடிவுகளின் நோட்டு ஒன்று. என்ன முடிவு எடுத்தோம், எத்தனை மணிக்கு, கையில் என்ன தகவல் இருந்தது, வேறு என்ன வழிகள் இருந்தன, ஏன் இது. பேரனை இன்று கைது செய்யவில்லை என்பதும் ஒரு முடிவு, அதற்கும் காரணம் எழுத வேண்டும். சட்டப்படி எழுத வேண்டிய கேஸ் டைரியில் தகவல் வந்த மணி, விசாரணை தொடங்கி முடிந்த மணி, போன இடங்கள் எல்லாம் பக்க எண்ணோடு இருக்க வேண்டும். நடைமுறையில் பலர் வாரக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிறார்கள். ஒரே அதிகாரி 16:00 மணிக்கு ஆஸ்பத்திரியிலும் 16:15-க்கு நாற்பது கிலோமீட்டர் தள்ளியும் இருந்ததாக வருவது இப்படித்தான்.

பொருள் மீட்பில்தான் இந்தக் கோளாறு அதிகம் வெளிப்படும். எதிரி சொன்ன தகவலால் ஒரு பொருள் புதிதாகக் கிடைத்தால், அந்தத் தகவலில் பொருளோடு தொடர்புள்ள பகுதி மட்டும் சான்றாகும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, இப்போது பி.எஸ்.ஏ. 23-இன் விதிவிலக்கு. கோர்ட் கேட்பது மூன்று: எதிரி அப்போது காவலில் இருந்தாரா, அந்த இடம் போலீஸுக்கு முன்பே தெரியாதா, எல்லோரும் வந்துபோகிற இடமா. ஊர்ப் பொதுக்கிணற்றோரப் புதரில் கத்தி கிடைத்தது, சாட்சி வழக்கம்போல் அதே வி.ஏ.ஓ.வும் தலையாரியும் என்று எழுதினால் அந்த மீட்பு நிற்காது.

நேரடி சாட்சி இல்லாத வழக்கில் சூழ்நிலைச் சான்றுகள் சங்கிலியாகக் கோக்க வேண்டும், எதிரி நிரபராதி என்ற ஊகத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்று 1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து விதிகள் வகுத்தது. அந்த ஐந்தையும் குற்றப்பத்திரிகை எழுதும்போது திறக்கக் கூடாது, முதல் வாரமே பலகையில் ஒட்டிவிட வேண்டும். மரணமோ ஆயுளோ பத்து வருடத்துக்குக் குறையாத சிறையோ தண்டனையாக உள்ள குற்றங்களில் 90 நாளில், மற்றவற்றில் 60 நாளில் இறுதி அறிக்கை போகாவிட்டால் எதிரிக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். ஆய்வக அறிக்கைக்குக் காத்திருந்தே நாள் கழியும். எனவே எந்தப் பொருளை எந்தக் கேள்வியோடு முதலில் அனுப்புவது என்பதும் ஒரு பாடம். 'பரிசோதித்து அறிக்கை தரவும்' என்று அனுப்பினால் பொதுவான பதில்தான் வரும். 'சட்டையிலுள்ள ரத்தம் மனித ரத்தமா, ஆம் எனில் இறந்தவருடையதா' என்று கேட்டால் கேட்டதற்குப் பதில் வரும்.

வகுப்பை எப்படி நடத்துவது

சட்டப் பிரிவுகளை வரிசையாக வாசித்துக் காட்டும் வகுப்பால் ஒருவரும் தேறியதில்லை. பயன் தருவது ஒத்திகை வழக்கு. ஆறேழு பேர் ஒரு குழு. ஒரு பழைய குவார்ட்டர்ஸ் வீட்டைச் சம்பவ இடமாக்கி, காலையில் ஒரு தொலைபேசித் தகவலோடு தொடங்குவார்கள். அரை மணிக்கு ஒருமுறை புதுச் செய்தி: டாக்டர் அழைக்கிறார், நிருபர் வாசலில் நிற்கிறார், ஓர் அநாமதேயக் கடிதம், எம்.எல்.ஏ. அலுவலகத்திலிருந்து போன். வேண்டுமென்றே ஒரு பொய்த் தகவலும், முதலிலேயே வந்து பிறகு மறக்கப்படக்கூடிய ஓர் உண்மையும் கலந்திருக்கும். ஒத்திகை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அலசலுக்கும் வேண்டும். நேரமில்லை என்று பெரும்பாலும் வெட்டப்படுவதும் அலசல்தான். அதை வெட்டினால் மீதி நாடகம்.

ஒத்திகையில் இன்னொரு கண்ணி இருக்கிறது. 'சாரிடம் விடை இருக்கிறது, நாம் கண்டுபிடிக்க வேண்டும்' என்று மாணவர்கள் ஊகிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் பத்தில் இரண்டு ஒத்திகைகளுக்கு விடையே இருக்கக் கூடாது. சான்று போதவில்லை, இவர் மீது குற்றப்பத்திரிகை போட முடியாது என்று காரணத்தோடு எழுதுவதே அங்கே சரியான விடை.

கடைசியில் மாதிரி நீதிமன்றம். பயிற்சி நிலையத்து ஆசிரியரே வக்கீல் வேடம் போட்டால் கனிவாகக் கேட்பார். குற்ற வழக்குகளில் ஆஜராகும் வக்கீலையே கூப்பிட வேண்டும். மாணவர் கூண்டில் ஏறுவார். ஒரு மாதத்துக்கு முன் தானே எழுதிய மகஜரும் டைரியும் மேசையில் இருக்கும். எஃப்.ஐ.ஆர். 22:30-க்குப் போட்டது, மாஜிஸ்திரேட் வீட்டுக்குப் போனது மறுநாள் 11:00, நடுவில் பன்னிரண்டரை மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று முதல் கேள்வி வரும். டைரியில் 'மழை, பாலம் மூழ்கியது, ஏட்டு இன்ன வழியாகச் சுற்றிப் போனார்' என்று அன்றே எழுதியவர் அதைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பார். எழுதாதவர் அதே மழையைக் கூண்டில் நின்று நினைவிலிருந்து சொல்வார். வக்கீல், 'மழை பெய்ததாக நீங்கள் இன்றுதான் முதன்முறையாகச் சொல்கிறீர்கள், சரிதானே?' என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்.